மூன்றாவது மணி நேரத்தில் எப்படி இருக்கும்?

கல்லூரித் தோழி ஒருத்தியின் திருமண வரவேற்புக்காக இளநீல சாட்டினில் நீளமான கவுன் ஒன்று வாங்கினேன். டிரையல் ரூமில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, இதைவிட அழகான உடையை நான் உடுத்தியதே இல்லை என்று தோன்றியது. உண்மையிலேயே அழகான உடைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். வரவேற்பு அன்று மாலை முதல் அரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடுப்புப் பக்கம் துணி இறுகியது, வயிற்றுக்குக் குறுக்கே கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தது, எழுந்த பிறகும் அந்தக் கோடுகள் போகவில்லை. தோழியைக் கட்டிக்கொள்ளக் கையைத் தூக்கினால் மேல்பாகம் மொத்தமும் கையோடு சேர்ந்து மேலே ஏறியது. கூட்டமும் புழுக்கமும் சேர, அக்குளில் ஈரம் பரவி, இளநீலம் அங்கே மட்டும் கருநீலமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த மாலை முழுவதும் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தேன். தோழியின் அப்பா மைக்கைப் பிடித்து மகளைப் பற்றிப் பேசியதாகவும், பேசி முடிக்க முடியாமல் அழுததாகவும், அரங்கமே கலங்கியதாகவும் மறுநாள் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கழிவறையில், கை உலர்த்தும் இயந்திரத்துக்கு அருகில் நின்று அக்குளைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்காமல் போனது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

அன்றிலிருந்து விழாவுக்கு உடை பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான். மூன்றாவது மணி நேரத்தில் இது எப்படி இருக்கும்? டிரையல் ரூமில் நாம் இரண்டு நிமிடம் நிற்கிறோம், அதுவும் வயிற்றை உள்ளிழுத்து, முதுகை நிமிர்த்தி, தனக்குத்தானே போஸ் கொடுத்துக்கொண்டு. விழாவில் நான்கைந்து மணி நேரம் உட்காருகிறோம், சாப்பிடுகிறோம், குனிந்து குழந்தைகளைத் தூக்குகிறோம், படியேறுகிறோம், சிரிக்கிறோம், சில நேரம் ஆடவும் செய்கிறோம். இந்த இரண்டு நிமிடத்தை நம்பி அந்த ஐந்து மணி நேரத்தைத் தீர்மானிப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. 'அழகா, வசதியா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்' என்று பலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அசௌகரியமான உடை மூன்றாவது மணி நேரத்தில் அழகாகவும் இருப்பதில்லை. இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும் கை, முன்னால் வளைந்த தோள், வலியில் மாறிய நடை, இதெல்லாம் சேர்ந்துதான் பார்ப்பவர் கண்ணில் படுகிறது.

அதனால் டிரையல் ரூமிலேயே உட்கார வேண்டும். உள்ளே ஸ்டூல் இல்லையென்றால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சமே வேண்டாம். உட்காரும்போது இடுப்புக்குக் கீழே உடம்பு நன்றாகவே அகலமாகிறது, நின்றபடி கச்சிதமாக இருந்த உடை அங்கேதான் முதலில் பிடிக்கும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பாருங்கள், பிளவு உள்ள பாவாடையாக இருந்தால் அது எந்த உயரம் வரை விலகுகிறது என்று தெரியும். கீழே விழுந்த கைப்பையை எடுப்பதுபோலக் குனிந்து, கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல வளைத்தால் முதுகுப் பக்கம் ஜிப் இழுபடுகிறதா என்று தெரிந்துவிடும். முழு மூச்சு இழுத்துவிட்டு, ஒரு வரி சத்தமாகப் பேசிப் பாருங்கள். மார்பைச் சுற்றிய அளவும் துணியின் அளவும் ஒன்றாகவே இருந்தால் மூச்சு விட இடம் இருக்காது. நீட்சி இல்லாத துணியில் தைக்கும்போது, மார்புச் சுற்றளவில் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை கூடுதலாக விட்டுத் தைப்பது வழக்கம். உடம்பை ஒட்டித் தெரியும் உடையிலும் இந்த இடைவெளி இருந்தாக வேண்டும். நின்றால் தெரியாது, அசைந்தால்தான் அதன் அருமை புரியும்.

கையைத் தூக்கினால் உடையே மேலே ஏறுகிறது என்றேனே, அதற்குக் காரணத்தை எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் ஒரு தையல்காரம்மா விளக்கினார். கை நுழையும் அந்த வளைவு, ஆர்ம்ஹோல், அது தாராளமாக, கீழே இறங்கி இருந்தால்தான் கை சுலபமாக அசையும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. வளைவு அக்குளை விட்டு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு தூரம் கைப்பகுதியும் விலாப்பகுதியும் ஒரே துணியாகிவிடுகின்றன. கையைத் தூக்கினால் விலாவையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். வளைவு அக்குளுக்கு நெருக்கமாக, ஆனால் அறுக்காத அளவுக்கு உயரத்தில் இருந்தால் கை மட்டும் தனியாக அசையும், உடை இருந்த இடத்திலேயே இருக்கும். சேலை கட்டுபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும், ரவிக்கையின் கை வெட்டு சரியாக இருந்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. 'அம்மா, கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுக்காதே, தொங்கவிட்டுக் கொடு, அப்புறம் தூக்கிக் காட்டு' என்று அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ரெடிமேட் உடைகளில் பல உடம்புவாகுகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக இந்த வளைவைக் கொஞ்சம் இறக்கியே வெட்டுவது உண்டு. அதை மேலே ஏற்றுவது கடினம், ஏனென்றால் வெட்டிய துணியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தோளில் பிடித்துத் தைத்துக் கொஞ்சம் தூக்கலாம், அவ்வளவுதான். ஆகவே வாங்கும்போது இடுப்பைவிட, நீளத்தைவிட, தோளையும் இந்த வளைவையும் முதலில் பாருங்கள். இடுப்பை எந்தத் தையல்காரரும் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

அதிலேயே இன்னொரு விஷயம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரியதை வாங்கிப் பிடித்துத் தைத்துக்கொள்வது நல்லது. சிறியதை வாங்கிப் பிரித்து லூஸ் பண்ணலாம் என்று நினைத்தால், முதலில் உடையைத் திருப்பிப் போட்டு உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரெடிமேட் உடையில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் என்ன பிரிப்பது? போதாததற்கு சாட்டின், மெல்லிய பட்டு போன்றவற்றில் பழைய தையலைப் பிரித்தால் ஊசி குத்திய தடம் வரிசையாகப் புள்ளி வைத்தது போலத் தெரியும். லேபிளில் இருக்கும் எண்ணைப் பார்த்து மனம் வருந்துபவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்திருக்கிறேன். அந்த எண் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. போட்டுக்கொண்டபின் அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

துணிக்கு வருவோம், இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சாட்டின் என்பது நூலின் பெயர் அல்ல, நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம், கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல மினுங்கும். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. சாதாரண அறைச் சூழலில் பாலியஸ்டர் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுக்குத்தான் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பருத்தி 7 முதல் 8 சதவீதம், பட்டும், மரக்கூழில் இருந்து செய்யும் விஸ்கோஸும் 11 சதவீதம் வாக்கில். வியர்வை ஆவியாக இருக்கும்போதே அதை வாங்கிக்கொள்ளும் துணிக்கும், வாங்காமல் தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே விட்டுவிடும் துணிக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது மணி நேரத்தில் தெரியும். என் இளநீலக் கவுன் முழுக்கப் பாலியஸ்டர். உள்ளே தைத்திருக்கும் சிறிய சீட்டை அன்றைக்கு நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் விலைச்சீட்டுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன்.

அப்படியென்றால் பட்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பட்டில் தண்ணீர்த் துளி பட்டாலே சில சமயம் வட்டமாகத் தடம் விழும், வியர்வைக் கறையும் எளிதில் போகாது. ஈரம் தெரிவதைப் பொறுத்தவரை நிறமும் முக்கியம். வெளிர் நீலம், சாம்பல், நடுத்தரப் பச்சை போன்ற ஒரே நிறத் துணிகளில்தான் அது அதிகமாகக் காட்டும். கறுப்பு, வெள்ளை, சிறிய பூக்கள் நெருக்கமாக அச்சிட்ட துணி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் துணி, இவற்றில் அவ்வளவாகத் தெரியாது. அதிகம் வியர்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் விழா முழுக்கக் கையைத் தாராளமாக வீசி நடக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரேப். நூலை மிக அதிகமாக முறுக்கி நெய்வதால் அந்தத் துணிக்கு ஒரு மெல்லிய சொரசொரப்பும், சுருக்கினாலும் திரும்பி நிமிரும் குணமும் வந்துவிடுகிறது. ஜார்ஜெட்டும் ஷிபானும் அதே முறுக்கு நூல் குடும்பம்தான், அவை மெலிந்தவை, கிரேப் கொஞ்சம் கனமானது. கனம் இருப்பதால் உடம்பை ஒட்டாமல் விழுகிறது, மினுக்கம் இல்லாததால் உள்ளே இருக்கும் மேடு பள்ளங்களை எடுத்துக் காட்டுவதில்லை. சாட்டின் அதன் ஒளியாலேயே ஒவ்வொரு சுருக்கத்தையும் ஒவ்வொரு வளைவையும் அடிக்கோடிட்டுக் காட்டும், அதை அணிய உள்ளாடையில் இருந்து தையல் வரை எல்லாம் கச்சிதமாக அமைய வேண்டும். வெல்வெட் அழகு, ஆனால் உட்கார்ந்த இடத்தில் ரோமம் படுத்துப்போய்த் தடம் தெரியும், சூடாகவும் இருக்கும். அதை அயர்ன் பெட்டியால் அழுத்தவே கூடாது, ஆவிதான் காட்ட வேண்டும். லினன் பகல் நிகழ்ச்சிக்கு அருமை, கசங்கும் என்பதை மனதார ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும்.

கடையில் துணியைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பாவாடையின் உள்பக்கம் ஒரு பிடி துணியை எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பத்து வினாடி வைத்திருங்கள். விட்டதும் அது எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் காரில் அரை மணி நேரம் உட்கார்ந்து இறங்கியபின் உங்கள் மடிப்பக்கம் இருக்கும்.

இத்தனையும் பார்த்து நல்ல துணியில் வாங்கியவர்கள் கோட்டை விடுவது லைனிங்கில். வெளித்துணி சுத்தமான பட்டாக இருந்தாலும், உள்ளே மலிவான பாலியஸ்டர் லைனிங் இருந்தால் தோலில் படுவது அந்த லைனிங்தானே! பட்டுக்குக் கொடுத்த பணம் வெளியே இருப்பவர்கள் பார்க்க மட்டும் என்று ஆகிவிடும். விஸ்கோஸ், குப்ரோ, மெல்லிய பருத்தி லைனிங் இருந்தால் நல்லது. குப்ரோ என்பது பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பஞ்சிழையில் இருந்து செய்வது, பட்டுப்போல வழுக்கும், ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். தைத்து வாங்குபவர்கள் வெளித்துணியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு 'லைனிங் நீங்களே போட்டுடுங்க' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தால் போதும். ரெடிமேட் உடையில் லைனிங் பிடிக்கவில்லையென்றால் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம், நான் இரண்டு உடைகளுக்கு மாற்றியிருக்கிறேன், கொடுத்த கூலி வீணாகவில்லை.

தோளில் பட்டி இல்லாத ஸ்ட்ராப்லெஸ் உடைகளை எப்படி இழுத்து விடாமல் அணிகிறார்கள் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். நன்றாகத் தைத்த உடைகளில் உள்ளே, இடுப்பு மிகக் குறுகும் இடத்தில், நீளாத ரிப்பன் பட்டை ஒன்று தைத்து கொக்கி போட்டிருப்பார்கள். உடையின் கனம் அந்தப் பட்டையில் உட்காருகிறது, மார்புப் பகுதி சும்மா நின்றால் போதும். அது இல்லாத ஸ்ட்ராப்லெஸ் உடை இரண்டு மணி நேரத்தில் இறங்கத்தான் செய்யும், அணிபவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல தையல்காரர் யாராக இருந்தாலும் அந்தப் பட்டையைப் பின்னால் சேர்த்துத் தர முடியும்.

வசதியையும் அழகையும் ஒன்றாகவே யோசித்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பாரிஸில் 1912-இல் தன் தையலகத்தைத் திறந்த மதலேன் வியோனே, துணியை நேராக வைக்காமல் 45 பாகையில் சாய்த்து வெட்டி உடை செய்வதில் பேர் பெற்றவர். ஒரு கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நேராக இழுத்தால் நீளாத அதே துணி மூலைவாக்கில் நீளும். இந்த நீட்சியை வைத்துத்தான் அவர் உடம்போடு சேர்ந்து அசையும் உடைகளைச் செய்தார். பட்டைகளாலும் எலும்புக் கம்பிகளாலும் உடம்பை உடைக்கு ஏற்றபடி வளைத்த காலத்துக்குப் பிறகு வந்தவர் அவர், உடையை உடம்புக்கு ஏற்றபடி வளைத்தார். இன்றைக்கும் 'பயாஸ் கட்' என்று போட்டிருக்கும் உடையைப் பார்த்தால் நான் நின்று பார்ப்பேன். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சாய்த்து வெட்டிய துணி தொங்கத் தொங்கக் கீழே இறங்கும். அதனால் ஒரு நாளாவது தொங்கவிட்ட பிறகுதான் அடி ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் ஏற்ற இறக்கமாகிவிடும்.

அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்ற உடை வடிவமைப்பாளர் இன்னொரு விதமாக யோசித்தார். 1938-இல் அவர் செய்த ஒரு உடைக்கு இடுப்புத் தையலே கிடையாது, தோளில் இருந்து தளர்வாக விழும், எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே பெல்ட் கட்டிக்கொள்ளலாம். பெண்கள் உடையில் பாக்கெட் வைப்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பாக்கெட் உள்ள விழா உடை எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஒருமுறை அணிந்தவர்களுக்குத் தெரியும்! இரண்டு கையும் காலியாக இருக்கும்போது வணக்கம் சொல்வதில் இருந்து குழந்தையைத் தூக்குவது வரை எல்லாமே மாறிவிடுகிறது. பக்கத் தையலில் பாக்கெட் சேர்ப்பது பெரிய வேலை இல்லை, லைனிங் துணியிலேயே செய்துவிடலாம், ஆனால் மெல்லிய துணியில் போனை வைத்தால் ஒரு பக்கம் தொங்கும், அதற்குத் தடித்த துணி வேண்டும்.

1974-இல் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் என்ற வடிவமைப்பாளர் கொண்டுவந்த, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி இடுப்பில் முடிந்துகொள்ளும், ஜெர்சி எனும் பின்னல் துணியில் செய்த உடையும் இந்த வரிசைதான். ஜிப் இல்லை, பட்டன் இல்லை, சாப்பிட்டபின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். உடம்பு மாதத்துக்கு மாதம், ஏன், காலைக்கும் மாலைக்குமே மாறுகிறது, அதை ஒத்துக்கொண்ட உடை அது. குழந்தை பிறந்தபின் வரும் முதல் விழாவுக்கு என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இந்தச் சுற்றுடையைத்தான், பால் கொடுக்கவும் சுலபம். முன்பக்கம் விலகாமல் இருக்க உள்ளே ஒரு ஸ்நாப் பட்டன் வைத்துவிட்டால் போதும்.

பாலியஸ்டரை இவ்வளவு குறை சொன்னேன், ஆனால் ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993-இல் தொடங்கிய மடிப்புடை வரிசை முழுக்கப் பாலியஸ்டர்தான். வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து, அதன்பிறகு வெப்பத்தில் மெல்லிய மடிப்புகளாக அழுத்தி நிலைநிறுத்தியவை அவை. கசங்காது, சுருட்டிப் பைக்குள் வைக்கலாம், உடம்பு எந்தப் பக்கம் அசைந்தாலும் மடிப்பு விரிந்து கொடுக்கும். துணி தோலில் முழுசாக ஒட்டாமல் மடிப்பின் முனைகள் மட்டும் படுவதால் நடுவில் காற்றும் போய்வரும். ஆக, இழை ஒன்றே எல்லாம் இல்லை, வெட்டும் தளர்வும் சேர்ந்துதான் ஒரு உடை வசதியாகிறது. என் கவுன் இழையிலும் தவறு, வெட்டிலும் தவறு, அதுதான் அன்று அப்படிப் படுத்தியது.

நிறம் பார்க்கும்போது கடை விளக்கை நம்பாதீர்கள். ஒரே துணி பகல் வெளிச்சத்தில் ஒரு நிறம், மஞ்சள் விளக்கில் வேறு நிறம், வெள்ளை விளக்கில் இன்னொரு நிறம். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கும், சிவப்பும் பொன்னிறமும் மலரும். விழா பகலிலா இரவிலா, திறந்த வெளியிலா அரங்கத்திலா என்று தெரிந்தால் அதே வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம். மெல்லிய துணியாக இருந்தால் இருட்டறையில் போனின் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது பிளாஷில் தெரிந்துவிடும், அதைப் பிறகு எல்லோருடைய ஆல்பத்திலும் பார்ப்பதைவிட வீட்டில் நாமே முதலில் பார்ப்பது மேல். சீக்வின், அதாவது மினுங்கும் சின்னத் தகடுகள், வைத்த உடையில் கையைப் பக்கவாட்டில் இருபது முறை முன்னும் பின்னும் வீசிப் பார்க்கவும். அக்குள் பக்கம் சீக்வின் இருந்தால் உள்கை சிவந்துவிடும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

செருப்பு. உடையில் செலவழிக்கும் யோசனையில் பாதியாவது இதற்கு வேண்டும். பாதம் நாள் முழுக்க நின்று நடந்து மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதனால் மாலையில் போய் வாங்குங்கள், விழாவும் பெரும்பாலும் மாலையில்தானே. குதிகால் உயர உயர உடம்பின் கனம் முன்பாதத்துக்குத் தள்ளப்படுகிறது, அங்கேதான் எரிச்சல் ஆரம்பிக்கும். 5 சென்டிமீட்டருக்குள், அடி அகலமான குதிகால் எனக்கு ஐந்து மணி நேரம் தாங்குகிறது. உயரம் வேண்டும் என்றால் முன்பக்கமும் தடித்த அடி உள்ளதை எடுக்கலாம், பின்னால் 9, முன்னால் 3 என்றால் பாதம் உணரும் சரிவு 6 தான். தட்டையான செருப்பு நேர்த்தியாக இருக்காது என்பது வெறும் பழக்கத்தில் வந்த எண்ணம், முனை கூர்மையாக, தோல் நன்றாக இருக்கும் தட்டைச் செருப்பு ஒரு நீள உடைக்குக் கீழே எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தால் தெரியும். எதுவானாலும் வீட்டுக்குள் மூன்று நான்கு நாள் போட்டு நடந்து பழகுங்கள். செருப்பை முடிவு செய்யாமல் உடையின் அடி ஓரத்தை மட்டும் மடித்துவிடாதீர்கள், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் தடுக்கி விழவும் வைக்கும், கட்டையாகவும் காட்டும்.

நேர்த்தி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், முதலில் தோள் சரியாக உட்கார வேண்டும், அப்புறம் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். கழுத்தில் வேலைப்பாடு இருந்தால் காதில் சின்னதாகப் போதும், துணியே பளபளத்தால் நகை ஏறக்குறைய வேண்டாம். முதுகு திறந்திருந்தால் முன்பக்கம் மூடியிருக்கட்டும். இதெல்லாம் என் ருசி, நிறையப் பூட்டிக்கொள்வதை ரசித்து, அதைத் தாங்கி நடக்கத் தெரிந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களும் அழகுதான். அழைப்பில் உடை பற்றி ஏதாவது எழுதியிருந்து புரியவில்லை என்றால் அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள், 'நீ என்ன போடப் போகிறாய்?' என்ற ஒரே கேள்வியில் எல்லாம் தெளிவாகிவிடும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் உள்ளாடை, செருப்பு, பை உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு மணி நேரம் சாதாரணமாக வேலை பாருங்கள். நான் பாத்திரம்கூடக் கழுவியிருக்கிறேன், துண்டைக் கட்டிக்கொண்டு. ஒரு மணி நேரத்தில் எந்தத் தையல் குத்துகிறது, எந்த லேபிள் உறுத்துகிறது, உள்ளாடையின் பட்டை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும், சரிசெய்ய ஒரு வாரமும் கையில் இருக்கும். அன்றைய தினம் வாசனைத் திரவியத்தை உடைக்கு முன்னால் பூசிக் காயவிடுங்கள், பட்டில் பட்டால் கறை. பையில் இரண்டு ஊக்கு, அதே நிற நூல் கோத்த ஊசி, துணி ஒட்டும் இருபக்க டேப் கொஞ்சம்.

போன மாதம் அக்கா மகளின் பட்டமளிப்பு விருந்துக்கு உடை வாங்க அவளோடு போயிருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் பிடிக்காது என்று பேசாமல் வெளியே நின்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்தவள், கருஞ்சிவப்புக் கிரேப் உடையோடு டிரையல் ரூம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "சித்தி, எதுவும் ஏறலை பாருங்க" என்றாள். அவள் அம்மா என் கவுன் கதையை எப்போது சொன்னாளோ தெரியவில்லை. அந்த உடை இப்போது என் வீட்டு அலமாரிக் கதவில் தொங்குகிறது, அடி ஓரம் இன்னும் மடிக்கவில்லை. பாவாடை சாய்த்து வெட்டியது, இறங்கி முடியட்டும். செருப்பு வாங்க நாளை மறுநாள் சாயங்காலம் போகிறோம்.